வாழ்க்கைச் செலவும் வாய்ச்சொல் சிக்கனமும்

நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே, கடல் சூழக் கிடக்கும் சிங்கப்பூரில் பனி பெய்வதில்லை. வீட்டைச் சூடாக்க விறகு வேண்டியதில்லை, நிலக்கரி வேண்டியதில்லை, கம்பளி உடையும் வேண்டியதில்லை. ஒரு வேட்டியும் ஒரு துண்டும் ஒரு கைவிசிறியும் இருந்தால் உடல் பிழைத்துக்கொள்ளும் என்னும் அளவுக்கு இயற்கை இத்தீவு மக்களிடம் குறைவாகவே கேட்கிறது. ஆயினும், எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் உலக நகரங்களின் விலைவாசிப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டில் முதன்முறையாக முதலிடத்தைப் பிடித்தது சிங்கப்பூர். அதன்பின் பல ஆண்டுகள் அவ்விடத்திலேயே நின்றது. 2023-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தோடு அவ்விடத்தைப் பகிர்ந்துகொண்டது. பனியில் நடுங்கும் நகரும் வெயிலில் காயும் நகரும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. இயற்கை குறைவாகக் கேட்கும் ஊரில் மிகுதியாகக் கேட்பவர் யார்?

இக்கேள்வி எழ வேண்டிய மேடைகளில் வேறொரு குரலே ஒலித்துக்கொண்டிருக்கிறது. தமிழர் கூடும் விழாக்களிலும் பட்டறைகளிலும் வாழ்க்கைச் செலவு என்னும் பேச்சு எழுந்த உடனேயே ஓர் அறிவுரை இறக்கி வைக்கப்படுகிறது. வரவறிந்து செலவு செய்ய வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். அவையோர் கைதட்டுகின்றனர். பேசியவர் குளிரூட்டப்பட்ட காரில் வீடு திரும்புகிறார். கடைசி வரிசையில் அமர்ந்து கேட்ட துப்புரவு ஊழியரோ மறுநாள் காலை வேலையை நினைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்திற்கு நடக்கிறார். அவர் அளக்காமல் போட்டவர் அல்லர். அளந்து அளந்து போட்டே கை சலித்தவர். அவருக்கு மேடை சொல்லி அனுப்பிய செய்தி ஒன்றே: "உன் திண்டாட்டத்திற்கு நீயே காரணம்."

சிக்கனம் நல்லதே. அதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால், நல்ல சொல்லும் தவறான இடத்தில் சொல்லப்பட்டால் பொய்யாகிவிடும். நோயாளிக்குப் பத்தியம் சொல்லலாம். பட்டினி கிடப்பவனுக்குப் பத்தியம் சொல்வது கொடுமை. விலைவாசி என்பது மழையைப்போல் வானத்திலிருந்து இறங்குவது; அதை எவரும் கேள்வி கேட்க இயலாது; குடை பிடிக்கத் தெரிந்தவன் பிழைப்பான், தெரியாதவன் நனைவான் என்பதுதான் இவ்வறிவுரைக்குள் ஒளிந்திருக்கும் கருத்து. இக்கருத்து பிழையானது. சிங்கப்பூரின் வரலாறே அதற்குச் சான்று.

முந்திய தலைமுறை குறைந்த வருவாயில் வாழ்ந்து காட்டியது என்பார்கள். உண்மை. ஆனால், அத்தலைமுறை வாழ்ந்தது சிக்கனத்தால் மட்டுமா? 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீதிக்குக் கொண்டுவந்தது. அக்கழகம் முதல் ஐந்தாண்டுக்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி எழுப்பியது. 1966-இல் இயற்றப்பட்ட நில எடுப்புச் சட்டம் பொதுநன்மைக்காக நிலத்தைக் குறைந்த விலையில் எடுத்துக்கொள்ள அரசுக்கு வழிவகுத்தது. 1968 முதல் மத்திய சேமநிதிச் சேமிப்பைக் கொண்டே வீடு வாங்கலாம் என்றாயிற்று. தெருவோரம் கூடை சுமந்து விற்றவர்கள் பதிவு செய்யப்பட்டு, 1970-களிலும் 1980-களிலும் கட்டப்பட்ட உணவங்காடி நிலையங்களில் குறைந்த வாடகைக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையை உயரவிடாமல் 2001 வரை பிடித்து நிறுத்தியது. அந்தத் தலைமுறை சோற்றுக்கும் கூரைக்கும் குறைவாகக் கொடுத்தது என்றால், குறைவாகக் கொடுக்கும்படி சட்டமும் திட்டமும் வகுக்கப்பட்டிருந்தன என்பதே அதற்கு முதற்காரணம். தாத்தாவின் சிக்கனத்தைப் பேரனுக்கு எடுத்துக்காட்டும் மேடை, தாத்தாவுக்குக் கிடைத்த வாடகையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

விலை வகுக்கப்படுவது என்று ஒப்புக்கொண்டால், இன்றைய விலையையும் யாரோ வகுத்திருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர், ஐவரில் நால்வர் என்று சொல்லத்தக்க அளவினர், கழக வீடுகளில் வாழ்கின்றனர். உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத சாதனை இது. ஆனால், கூரையாகத் தொடங்கிய வீடு காலப்போக்கில் சொத்தாகவும் ஆயிற்று. 2012-ஆம் ஆண்டில் குவீன்ஸ்டவுனில் ஒரு கழக வீடு பத்து லட்சம் வெள்ளிக்கு மறுவிற்பனையானபோது ஊரே வியந்து பேசியது. 2024-ஆம் ஆண்டில் அந்த விலைக்கும் அதற்கு மேலும் விற்ற வீடுகள் ஆயிரத்தைத் தாண்டின. வியப்பு அடங்கிவிட்டது, விலை அடங்கவில்லை. விற்கும் தந்தைக்கு இது வரவு. வாங்கப்போகும் மகனுக்கோ இதுவே கடன். ஒரே குடும்பத்தில் ஒரு கை மகிழ மறு கை நடுங்குகிறது. இவ்வீடும் 99 ஆண்டுக் குத்தகையே. கேலாங் லோரோங் 3-இல் அறுபதாண்டுக் குத்தகையில் இருந்த 191 தரைவீடுகள் 2020-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பின. அவை கழக வீடுகள் அல்ல. ஆயினும், குத்தகை என்பது குத்தகைதான் என்னும் பாடத்தை அவை எல்லாருக்கும் கற்பித்தன. முதுமைக்கு வீடே முதல் என்று நம்பியவர், அம்முதல் ஆண்டுதோறும் தேய்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியவராகிறார்.

இந்தியர்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாரும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வீடு வாங்க இயலாது. இனத்துக்கொரு சேரி என்னும் நிலை இத்தீவில் தோன்றாமல் காத்த கொள்கை அது. அதன் நோக்கத்தைப் பழிப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆனால், அளவு நிரம்பிய புளோக்கில் சிறுபான்மையினர் சிலர் வீட்டை விற்கும்போது வாங்குவோர் குறைகின்றனர், விலையும் குறைகிறது. நாட்டின் ஒற்றுமைக்காகச் செலுத்தப்படும் இக்கட்டணம் எல்லாருடைய பையிலிருந்தும் சமமாகப் போவதில்லை. நீண்டகாலம் விற்க இயலாமல் தவித்தவர்களிடமிருந்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவியை 2022-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிவித்தது. குறையொன்று இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. கேட்டால் திருத்தம் வரும் என்பதற்கும் இதுவே சான்று. அதைக் கேட்டவர்கள் சிக்கனம் பேசியவர்கள் அல்லர்.

அடுத்தது வரி. பொருள் சேவை வரி 1994-இல் 3 விழுக்காடாக நுழைந்தது. 2003-இல் 4, 2004-இல் 5, 2007-இல் 7, 2023-இல் 8, 2024-இல் 9 என்று படியேறியது. தண்ணீர்க் கட்டணமும் 2024, 2025 ஆகிய ஈராண்டுகளிலும் ஏறி, ஒரு கன மீட்டருக்கு 2 வெள்ளி 74 காசாக இருந்தது 3 வெள்ளி 24 காசாயிற்று. வரி நீங்கலாக மாதம் 2,000 வெள்ளிக்குப் பொருள் வாங்கும் ஒரு குடும்பத்தைக் கொள்வோர், எளிதாகக் கணக்கிட்டுவிடலாம். 7 விழுக்காட்டின்போது அக்குடும்பம் செலுத்திய வரி 140 வெள்ளி. 9 விழுக்காட்டில் 180 வெள்ளி. மாதம் 40, ஆண்டுக்கு 480 வெள்ளி மிகுதி. இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். 2025-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஜனவரியில் 300 வெள்ளி, மே மாதத்தில் 500 வெள்ளி எனச் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள் வழங்கப்பட்டனவே. வரியால் போனதைவிட வந்தது மிகுதியன்றோ என்பார்கள். கணக்கு சரியே. குறைந்த வருவாயினருக்கென 2012 முதல் தனியே வரிப் பற்றுச்சீட்டும் உண்டு. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால், ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். வரி சட்டத்தில் நிற்கிறது. எல்லார்க்குமான பற்றுச்சீட்டு அறிவிப்பில் நிற்கிறது. எடுப்பது கேட்காமலே தொடரும். கொடுப்பதை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். உழைத்து வாழும் மனிதர் தம் சம்பளத்தைக் கொண்டு அரிசி வாங்க விரும்புவரேயன்றி, அடுத்த அறிவிப்பைக் கொண்டு வாங்க விரும்பமாட்டார்.

அரிசி என்றதும் தேக்கா நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூர் தன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலாக வெளியிலிருந்தே வரவழைக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்குள்ள கோழிக்கடைகளில் கத்திக்கு வேலையில்லாமல் போயிற்று. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளில் மூட்டைகள் பறந்தன. ஆகஸ்டு இறுதியில் சிங்கப்பூருக்கு இந்தியா விலக்களித்தது. அந்தச் சில வாரங்களில் ஒரு மூட்டைக்குப் பதில் ஐந்து மூட்டை வாங்கி அடுக்கியவர் யார்? கையில் முன்பணம் உள்ளவரே. இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று வாரந்தோறும் வாங்குபவருக்குச் சேர்த்து வைக்கும் சிக்கனம் வாய்க்காது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்னும் அறிவுரை, மொத்தமாகப் பணம் உள்ளவருக்கே பயன்படும். இல்லாமை என்பது எப்போதும் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் நிலை என்பதைச் சிக்கனப் பேச்சாளர்கள் ஒருநாளேனும் சில்லறைக் கடைவாசலில் நின்று கற்றுக்கொள்ளலாம்.

உணவங்காடி நிலையத்தின் மலிவும் இத்தகையதே. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பெருமைதான். ஆனால், மரபுச் செல்வம் என்று போற்றப்படும் அத்தட்டுச் சோறு நாலைந்து வெள்ளிக்கு மேல் போகலாகாது என்று எல்லாரும் எதிர்பார்க்கின்றனர். எண்ணெய் ஏறுகிறது, எரிவாயு ஏறுகிறது, வெங்காயம் ஏறுகிறது. தட்டின் விலை மட்டும் ஏறக்கூடாது. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்புவது எது? அதிகாலை நான்கு மணிக்கு மாவு பிசையும் முதியவரின் முதுகெலும்பு. பழைய தலைமுறைக் கடைக்காரர்கள் சலுகை வாடகையில் இருக்கின்றனர். புதியவர்களோ ஏலக்குத்தகையில் வருகின்றனர். 2024-ஆம் ஆண்டில் மரின் பரேட் உணவங்காடியில் ஒரு கடைக்கு மாதம் பத்தாயிரம் வெள்ளிக்கும் மேல் கேட்கப்பட்டது. பத்தாயிரம் வெள்ளி வாடகையிலும் நாலு வெள்ளித் தோசை சுடலாம் என்று சொல்பவர், முதலில் சுட்டுக் காட்டட்டும்.

மலிவு என்று ஒன்று இந்நகரத்தில் இன்னும் எஞ்சியிருக்குமானால், அதற்குரிய விலையை வேறெவரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடப்பவர் அவர்களைக் கண்ணாரக் காணலாம். தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்த இளைஞர்கள்; வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞர்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசையில் நிற்கின்றனர். கைப்பேசியில் மனைவியிடம் பேசுகின்றனர். புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகின்றனர். இந்நகரின் வீடுகளையும் சுரங்கப்பாதைகளையும் எழுப்புவன இவர்கள் கைகள். இங்கு வருவதற்கே முகவருக்குக் கடன்பட்டுக் கொடுத்துவிட்டு வருவோர் இவர்களுள் பலர். உள்ளூர் ஊழியருக்குரிய சம்பள வரம்புகள் இவர்களைத் தொடுவதில்லை. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது விடுதிகளில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்த இவர்களில் 47 விழுக்காட்டினர் அவ்வாண்டு டிசம்பருக்குள் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்பது அரசே வெளியிட்ட கணக்கு. நெருக்கமான விடுதி என்பதும் ஒரு சிக்கனமே. யாருக்கோ மிச்சமான பணம், இவர்களுக்கு நோயாக வந்து சேர்ந்தது. சரக்குந்தின் பின்தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்வதை நிறுத்த வேண்டும் என்று கோரிக்கை எழும்போதெல்லாம் சொல்லப்படும் தடைகளுள் செலவும் ஒன்று. அப்படியானால், செலவு இல்லாமல் போகவில்லை. அது சரக்குந்தின் பின்தட்டில் மழையில் நனைந்துகொண்டு போகிறது. அவ்வளவே.

அவர்கள் பேசுவது தமிழ். வாழ்க்கைச் செலவு பற்றிப் பேசும் தமிழ் மேடையில் அவர்கள் பெயர் மட்டும் வருவதில்லை. 'அவர்கள் வந்து போகிறவர்கள்' என்று ஒதுக்கிவிடுகின்றனர். இன்று சிக்கனம் பேசுவோரின் பாட்டனாரும் ஒருகாலத்தில் வந்து போகிறவராகவே கப்பலேறி வந்தவர்.

அவர்கள் உலவும் அந்தத் தெருக்களின் கதையும் வாடகையின் கதையே. லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. சுவரும் சாளரமும் தூணும் காக்கப்பட்டன, நன்று. 2001-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. கட்டடத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடத்துக்குள் நடக்கும் தொழிலைக் காக்க எதுவும் இல்லை. மிளகாய் அரைக்கும் ஆலைக்கும், பூ தொடுப்பவருக்கும், பொன் தட்டுபவருக்கும், புத்தகம் விற்பவருக்கும் அடுத்த குத்தகையில் என்ன நேரும் என்பதை நில உரிமையாளரின் கணக்கேடு முடிவு செய்கிறது. சுற்றுலாப் பயணிக்கு வண்ணச்சுவர் போதும். ஆனால், முழம் மல்லிகையும் ஒரு பொட்டலம் கற்பூரமும் நாள்தோறும் வாங்கும் மூதாட்டிக்குச் சுவரை வைத்துக்கொண்டு என்ன பயன்? ஓர் இனத்தின் அங்காடி அதன் வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதி; அந்த அங்காடியின் வாடகையே அவ்வினத்தின் வாழ்க்கைச் செலவாக மாறுகிறது.

இனி, தேவை என்பது யாது என்னும் வினாவுக்கு வரவேண்டும். சிக்கனவாதிகளின் கடைசி அரண் இதுதான்: 'தேவைக்கு மேல் ஆசைப்படுகிறார்கள்.' 2019-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர் குழு ஒன்று, அடிப்படை வாழ்க்கைக்கு எது வேண்டும் என்பதைப் பொதுமக்களையே கூட்டி வைத்துக் கேட்டது. தனித்து வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று அக்கணக்கு முடிந்தது. 2021-இல் அதே முறையில், பள்ளி செல்லும் இரு பிள்ளைகளையுடைய தாய் தந்தையருக்கு 6,426 வெள்ளி என்று கணக்கிட்டனர். அதில் அடிப்படைத் தேவைகள் துல்லியமாகக் காட்டப்படவில்லை என்று அரசின் அமைச்சுகள் அப்போது மறுமொழி கூறின. கருத்து வேறுபாடு இருக்கலாம். தொகையில் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், அந்த மக்கள் சொன்ன ஒரு செய்தியைக் குறைக்க முடியாது. உணவும் உடையும் உறையுளும் மட்டுமே தேவையல்ல. மதிப்பும் உறவும் தேவை என்றனர் அவர்கள்.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. அக்காள் மகள் திருமணத்திற்குச் சென்று மொய் எழுதுவது ஆடம்பரமா? தீபாவளிக்குப் பேரப்பிள்ளையின் கையில் பத்து வெள்ளி வைப்பது ஊதாரித்தனமா? மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்த் தாயின் முகத்தைப் பார்த்து வருவது உல்லாசப் பயணமா? இவற்றை வெட்டினால் செலவு குறையும்; கூடவே மனிதனும் குறைவான். மொய் எழுத இயலாதவர் முதலில் திருமணத்திற்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு கதவைத் திறப்பதையே நிறுத்துகிறார். சிக்கனத்தின் கடைசிப் படி தனிமை.

ஆனால், மொய்க்காகப் பேசும் வாய் பகட்டுக்காகப் பேசலாகாது. பூப்பு நீராட்டு விழாவுக்கு விடுதி மண்டபம் எடுப்பதும், திருமணத்திற்குக் கடன் வாங்கி நகை அடுக்குவதும், விருந்தில் பாதி இலை குப்பைக்குப் போவதும் தமிழர் தம் தலையில் தாமே ஏற்றிக்கொண்ட சுமைகள். இதை எவரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பகட்டைத் தொடங்கி வைப்பவர் யார்? கடைசி வரிசையில் இருப்பவரல்லர். முன்வரிசையில் பொன்னாடை போர்த்திக்கொள்பவரின் இல்லத் திருமணமே ஊருக்கு அளவுகோலாகிறது. உயர்ந்த அளவுகோலை நட்டுவிட்டு, அதை எட்ட முயன்றவனைக் கண்டிப்பது அறமாகாது. சிக்கனம் மேலிருந்து கீழிறங்க வேண்டிய ஒழுக்கம். கீழிருப்பவருக்கு மேலிருந்து வீசப்படும் கல்லன்று.

கல்வியிலும் இதே அளவுகோல்தான். 2023-ஆம் ஆண்டுக் குடும்பச் செலவின ஆய்வின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஓராண்டில் செலவிட்டது ஏறத்தாழ 180 கோடி வெள்ளி. ஐந்தாண்டுக்கு முன் அது 140 கோடி. பள்ளிக் கட்டணம் மிகக் குறைவாக உள்ள நாட்டில் பள்ளிக்கு வெளியே இவ்வளவு பணம் ஓடுகிறது. வசதியுள்ளவர் பிள்ளை மூன்று பாடத்திற்கு ஆசிரியர் வைத்துக்கொண்டால், வசதியில்லாதவர் ஒரு பாடத்திற்கேனும் வைத்தாக வேண்டியிருக்கிறது. இல்லையேல் பிள்ளை பின்தங்கும் என்னும் அச்சம். இந்த அச்சத்தை 'ஆசை' என்று பெயரிட்டு அழைக்கலாமா? 1991-இல் தோன்றிய சிண்டா அமைப்பு குறைந்த கட்டணத்தில் வகுப்புகளை நடத்திவருகிறது. உழைக்கும் இந்தியர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் தரும் சிறு தொகை அதற்குத் துணை நிற்கிறது. அது பாராட்டத்தக்கது, பலருக்கு ஏணியாயிற்று. எனினும், ஒருபுறம் ஏணி தரும்போதே மறுபுறம் மதிலை உயர்த்திக்கொண்டே போனால் ஏறுபவர் எப்போது இறங்கி மூச்சு விடுவார்?

இன்னொரு செலவும் உண்டு; அது எந்த ஆய்விலும் வெள்ளிக்கணக்கில் வருவதில்லை. தாயும் தந்தையும் கூடுதல் நேர வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் இல்லத்தில் பிள்ளையிடம் தமிழ் பேசுபவர் யார்? 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினரே. இதற்கு வாழ்க்கைச் செலவொன்றே காரணம் என்பது மிகை. வேறு பல காரணங்கள் உண்டு. ஆயினும், மொழி வளர நேரம் வேண்டும். நேரத்தை விற்றுத்தான் வாடகையும் கடனும் கட்டப்படுகின்றன. தாய்மொழியைக் காப்போம் என்று முழங்கும் மன்றங்கள், தாய்க்கு வீட்டில் இருக்க ஒரு மாலைப்பொழுதைப் பெற்றுத் தரும் வழியைப் பற்றியும் ஒருநாள் முழங்கட்டும்.

'குறை சொல்வது எளிது, வழி என்ன?' என்பார்கள். வழி இருக்கிறது, இந்நாடே அதைக் காட்டியுமிருக்கிறது. துப்புரவு ஊழியரின் சம்பளம் சந்தையின் விதி, அதில் கைவைத்தால் தொழில் கெடும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. படிப்படியாக உயரும் சம்பள முறை 2014-இல் அத்துறையில் கட்டாயமாக்கப்பட்டபோது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. 2025-இல் அது 1,910 வெள்ளி. தொழில் கெடவில்லை, நகரம் குப்பையாகவும் இல்லை. விதி என்று சொல்லப்பட்டது வெறும் வழக்கமே என்பது அன்று தெளிவாயிற்று. இன்னும் போதாது என்பது வேறு. ஆனால், வகுத்தால் வகுபடும் என்பது உறுதியாயிற்று.

ஆகவே, தமிழ் அமைப்புகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, மானத்தோடு வாழ்வதற்கு வேண்டிய தொகை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் அரசே கணித்து வெளியிட வேண்டும் என்று கேட்பது. அளவு தெரியாமல் உதவியின் போதாமையை அறிய இயலாது. இரண்டாவது, தமிழர் அமைப்புகளும் தமிழர் நிறுவனங்களும் தத்தம் வாசலில் வேலை செய்பவருக்கு, அவர் குடிமகனாயினும் வந்து உழைப்பவராயினும், வாழத்தக்க கூலி தருகின்றனவா என்று தம்மையே கேட்டுக்கொள்வது. விளக்கேற்றி விழா நடத்தும் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குபவரின் கூலி என்னவென்று அறியாத செயலவை, வாழ்க்கைச் செலவு பற்றித் தீர்மானம் இயற்றத் தகுதியற்றது. மூன்றாவது, தலைவர்கள் தம் இல்ல விழாக்களை எளிமையாக நடத்திக் காட்டுவது. அதைச் செய்து முடித்த பிறகு அவர்கள் சிக்கனம் பற்றிப் பேசலாம்; அப்போது கடைசி வரிசையும் மனமாரக் கைதட்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முன்னோர் மொழி. அளந்து போட்டவர்கள் இருக்கின்றனர். அரைநூற்றாண்டுக்கு மேலாகப் போட்டுக்கொண்டே இருக்கின்றனர். இனி அளக்கப்பட வேண்டியது அவர்கள் கையன்று, ஆறு. அது எங்கே தொடங்குகிறது, எந்தக் கரையில் மண் சேர்க்கிறது, எந்தக் கரையை அரிக்கிறது என்று அளந்து சொல்பவரே இன்று வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேச உரிமையுடையவர். இத்தீவில் வெயில் இலவசமாகவே கிடைக்கிறது. நிழலுக்கு மட்டும் விலை வைத்தவர்கள் மனிதர்கள். மனிதர்கள் வைத்த விலையை மனிதர்களே மாற்றவும் முடியும்.